ஏற்காட்டு ஆசிரியர் மாநாட்டில் டூயட்டும் பாப் பாணிப் பியானோவும்: எதை எடுப்பது, எப்படிக் காட்டுவது?

கேள்வி இதுதான். சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டிலேயே பியானோ, கீபோர்டு வகுப்பு எடுக்கும் டீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஏற்காட்டில் மேற்கத்திய இசை ஆசிரியர்கள் கூடும் இரண்டு நாள் மாநாட்டில் அவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாசிக்கும் பியானோப் பாட்டுகளும், ஜாஸ், பாப் பாணியில் அமைந்த பாட்டுகளும்தான் தலைப்பு. அரங்கில் பழைய அப்ரைட் பியானோ ஒன்று இருக்கிறது. டிஜிட்டல் பியானோ ஒன்றை இவர் கொண்டுபோகலாம். எத்தனை பாட்டு வாசிப்பது, எந்த வரிசையில், சினிமாப் பாட்டைச் சேர்க்கலாமா, மூத்தவர்கள் யாராவது “இதெல்லாம் லைட் மியூசிக்” என்று ஒதுக்கினால் என்ன சொல்வது என்று கேட்கிறார்.

வாசித்துக் காட்டுவது என்ற நினைப்பைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், டீச்சர். மாநாட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் வாசிக்கத் தெரிந்தவர்கள். நீங்கள் எவ்வளவு அழகாக வாசித்தாலும் பத்து நிமிடத்துக்கு மேல் ரசிகர்களாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அவர்கள் மனதில் ஓடுவதெல்லாம், “திங்கட்கிழமை வரும் அந்தப் பையனுக்கு இது சரிப்படுமா?” என்பதுதான். அதனால் பாட்டுப் பட்டியல் போடும் முன் பிள்ளைகளின் பட்டியலைப் போடுங்கள். ஆறு மாதம்கூட ஆகாத ஏழு வயதுக் குழந்தை. தப்பு வந்த இடத்தில் நின்று, முதலிலிருந்து ஆரம்பிக்கும் பெண். மூன்றாவது கிரேடு தேர்வை முடித்துவிட்டு, நிறுத்திவிடலாமா என்று யோசிக்கும் எட்டாம் வகுப்புப் பையன். வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் கற்றுக்கொள்ள வரும் பெரியவர். இந்த நான்கு பேரும் எல்லா ஆசிரியரிடமும் இருப்பார்கள். ஆளுக்கு ஒரு பாட்டு, மிஞ்சிப்போனால் மொத்தம் ஆறு பாட்டு. ஒரு மணி நேரத்துக்கு அதற்கு மேல் போனால் எதுவும் மனதில் நிற்காது.

அந்த ஆறையும் முழுசாக வாசிக்க வேண்டிய அவசியமும் இல்லை. முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் முழுசாக இருக்கட்டும். மற்றவற்றில் பதினாறு பார், அதாவது பதினாறு தாளச் சுற்று போதும்.

ஏழு வயதுக் குழந்தைக்கு எதை எடுப்பது என்பதில் நான் பழைய கட்சி. வியன்னாவில் இருந்த இசையமைப்பாளர் டயாபெல்லியின் ஓபஸ் 149 என்ற டூயட் தொகுப்பைத்தான் சொல்வேன். அதில் 28 சின்னப் பாட்டுகள். மேல்பகுதியை, அதாவது பிரிமோவை வாசிக்கும் மாணவருக்கு ஒரு பாட்டில் ஐந்து ஸ்வரங்கள்தான். கை இருந்த இடத்திலேயே இருக்கும். கீழ்ப்பகுதியான செகண்டோவை வாசிக்கும் ஆசிரியருக்குத்தான் முழு வேலை. டயாபெல்லி 1858-லேயே இறந்துவிட்டதால் பழைய பதிப்புகளை இணையத்திலிருந்து இறக்கித் தாராளமாகப் பிரிண்ட் எடுக்கலாம். அரங்கில் இதை எப்படிக் காட்டுவது? முதலில் பிரிமோவை மட்டும் எட்டு பார் வாசியுங்கள். சப்பென்று இருக்கும், பாடம் ஒப்பிப்பதுபோல. உடனே ஒன்றும் பேசாமல் செகண்டோவைச் சேர்த்து அதே எட்டு பாரைத் திரும்ப வாசியுங்கள். ஐந்தே ஸ்வரம் தெரிந்த குழந்தை அன்றைக்கு ஒரு முழு வாத்தியக் கோஷ்டிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்பது அறையில் இருக்கும் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

டயாபெல்லியோடு நிறுத்த வேண்டாம், நம் கையிலேயே ஒரு புதையல் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் நொட்டுஸ்வரங்களைச் சொல்கிறேன். ஆங்கிலேயர்களின் பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு அவர் சம்ஸ்கிருத வரிகள் எழுதினார். எல்லாம் சங்கராபரணத்தில், பியானோக்காரர் கணக்கில் மேஜர் ஸ்கேலில். ‘சியாமளே மீனாக்ஷி’யின் மெட்டு, எல்.கே.ஜி. குழந்தைகள் நட்சத்திரத்தைப் பார்த்துப் பாடும் அதே மெட்டுதான். மொத்தம் ஆறு ஸ்வரம். ஐந்து விரல் வைத்த இடத்திலிருந்து ஒரு விரலைக் கொஞ்சம் நீட்டினால் போதும். ‘சந்ததம் பாஹிமாம்’, பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டில் அமைந்தது, மூன்று தட்டு. செகண்டோவுக்கு சி, எஃப், ஜி ஆகிய மூன்று கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை வைத்தே எழுதிவிடலாம்: முதல் தட்டில் பேஸ், இரண்டிலும் மூன்றிலும் கார்டு. தீட்சிதர் 1835-ல் மறைந்தவர், காப்புரிமைத் தொல்லை இல்லை. சேலத்தில் பாட்டு வகுப்புக்கும் போகும் பிள்ளைகள் நிறைய. கர்நாடக வகுப்பில் வாயால் பாடியதைப் பியானோவில் வாசிக்கும்போது அந்தக் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். வீட்டில் பாட்டிக்கும் தெரிந்த பாட்டு என்பதால் பயிற்சி செய்யச் சொல்லி யாரும் விரட்ட வேண்டியதும் இல்லை. இந்த இரண்டில் ஒன்றை நீங்களே எழுதி, மாநாட்டின் முதல் பாட்டாக வைத்துவிடுங்கள் என்பது என் யோசனை.

அடுத்தது, நின்று நின்று வாசிக்கும் பெண். ஆசிரியர்கள் அதிகம் அலுத்துக்கொள்வது இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான். தனியாக வாசிக்கும்போது தப்பான கட்டையைத் தொட்டதும் கை தானாகத் திரும்பிப் போய்ச் சரியானதைத் தொட்டுவிட்டுத்தான் மேலே போகும். நூறு முறை சொன்னாலும் மாறாது. டூயட்டில் பக்கத்தில் இருப்பவர் நிற்க மாட்டார். ஒரு பார் விட்டுப்போனால் அடுத்த பாரில் ஏறிக்கொள்ள வேண்டும், ஓடும் டவுன் பஸ்ஸில் ஏறுகிற மாதிரி. என் வகுப்பில் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். அக்கா நின்று திருத்துகிறவள். தம்பிக்கு அக்கா நின்றதே காதில் விழாது, அவன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டு போவான். இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்தேன். அக்கா முதல் வாரம் அழுதாள், அப்புறம் விட்டுப்போன இடத்தைத் தாண்டிக் குதிக்கக் கற்றுக்கொண்டாள். அவளுடைய சைட் ரீடிங் (புதுத் தாளைப் பார்த்ததும் வாசிப்பது) மதிப்பெண் ஏறியதற்கு அதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

இந்த மாதிரிப் பிள்ளைக்குத் தர வேண்டிய டூயட்டில் இரண்டு பகுதிகளும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கும்போது, இரண்டு பேரின் கைகளும் எங்கே இடிக்கின்றன என்பதைப் பாருங்கள். பிரிமோக்காரரின் இடது கையும் செகண்டோக்காரரின் வலது கையும் நடு சி-யைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்று வரும் இடம் பெரும்பாலான டூயட்டுகளில் இருக்கும். ஒரே கட்டையை இருவரும் அடுத்தடுத்து வாசிக்க வேண்டியிருந்தால், முதலில் வாசித்தவர் தன் ஸ்வரத்தை ஒரு கால் மாத்திரை முன்பாகவே விட்டாக வேண்டும். இல்லாவிட்டால் மற்றவர் தட்டும்போது கட்டை ஏற்கெனவே கீழே கிடக்கும், சத்தமே வராது. யார் கை மேலே, யார் கை உள்ளே என்பதையும் பேசி முடிவு செய்து பென்சிலில் எழுதிவிட வேண்டும். இந்த ஒரு இடத்தை மட்டும் கேமராவில் பெரிதாகக் காட்டுங்கள். ஒரு போனை ஸ்டாண்டில் மாட்டி, கட்டைகளுக்கு மேலே நேர் கீழ்நோக்கி வைத்து, புரொஜெக்டரில் கேபிளால் இணைத்தால் பின்வரிசைக்கும் விரல் தெரியும்.

பெடல் யாருக்கு என்பதையும் சொல்லுங்கள். வழக்கமாக அது செகண்டோக்காரரின் வேலை. ஆனால் அவர் தன் பேஸைக் கேட்டு மிதித்தால் மேலே இருப்பவரின் மெட்டு குழம்பிவிடும். பிரிமோவைக் காதில் வாங்கிக்கொண்டு பெடல் போடுவது ஒரு தனிப் பயிற்சி, சில பெரியவர்களுக்கே அது வருவதில்லை. செகண்டோக்காரரைக் கையால் வாசிக்க விடாமல், பிரிமோக்காரர் வாசிக்க வாசிக்கப் பெடலை மட்டும் போடச் சொல்லிப் பழக்கலாம். ஆரம்பிக்கும்போது “ஒன் டூ த்ரீ ஃபோர்” என்று வாயால் எண்ணுவதையும் நிறுத்திவிட்டு, மூச்சை இழுத்துத் தலையை லேசாக அசைத்து ஆரம்பிக்கக் கற்றுக்கொடுங்கள். மேடையில் எண்ணுவது அசிங்கமாக இருக்கும் என்பது ஒரு பக்கம். மூச்சிலேயே வேகம் தெரிந்துவிடும் என்பதுதான் முக்கியம்.

சரி, பாப் பாணிக்கு வருவோம். எட்டாம் வகுப்புப் பையனுக்கு 12 பார் ப்ளூஸ் கொடுங்கள்; ஜாஸுக்கு அடிப்படையான அமெரிக்க இசை வடிவம் அது. நாலு பார் சி, இரண்டு பார் எஃப், இரண்டு பார் சி, ஒரு பார் ஜி, ஒரு பார் எஃப், இரண்டு பார் சி. முடிந்தது, திரும்ப முதலிலிருந்து. மூன்று கார்டு தெரிந்தவன் அன்றைக்கே வாசிப்பான். ஒருவர் கீழே இந்தச் சுற்றை ஓட்டிக்கொண்டிருக்க, மற்றவர் மேலே மனோதர்மமாக வாசிக்க வேண்டும். நம் ஆசிரியர்களில் பலர் இந்த இடத்தில்தான் பின்வாங்குவார்கள். பத்து வருடம் நொட்டேஷனைப் பார்த்தே வாசித்தவருக்குத் தாளில்லாமல் கை வராது. அதனால் முழு ப்ளூஸ் ஸ்கேலையும் கொடுக்காதீர்கள். சி, ஈ-பிளாட், எஃப் என்று மூன்று ஸ்வரம் மட்டும் கொடுங்கள். மூன்றை வைத்துக்கொண்டு யாரும் தப்பு செய்ய முடியாது. தாளத்தை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் ஆக வேண்டும், அதுதான் நமக்கு வேண்டியதும். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு வரி சேர்த்துச் சொல்லலாம்: கீழே சி கார்டில் அந்தர காந்தாரம் ஒலிக்கும்போது மேலே சாதாரண காந்தாரத்தைத் தொடுகிறோம், அந்த உரசல்தான் ப்ளூஸின் நிறம். நம் காதுக்கு அது ராகத்தில் அபஸ்வரம், அங்கே அதுவே ருசி.

ஜாஸின் ஸ்விங் நடை பற்றி மேற்கத்தியப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்கும். நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரு தட்டைத் திஸ்ரமாக, அதாவது மூன்றாகப் பிரித்து “தகிட தகிட” சொல்லுங்கள். நடுவில் வரும் ‘கி’யை வாயால் சொல்லாமல் மனதில் மட்டும் வைத்துக்கொண்டு ‘தா…ட தா…ட’ என்று சொன்னால் அதுதான் ஸ்விங். நொட்டேஷனில் இரண்டு சமமான எட்டாம் ஸ்வரங்கள்போல எழுதியிருந்தாலும் வாசிப்பது இப்படித்தான். அரங்கில் எல்லோரையும் தொடையில் தாளம் போட்டுச் சொல்ல வைத்துவிட்டு, நீங்கள் கீழே ப்ளூஸ் பேஸை ஆரம்பித்தால் இரண்டு நிமிடத்தில் பாடம் முடிந்தது. வேகம் கூடக் கூட இந்தத் திஸ்ரம் சமநடையை நோக்கித் தட்டையாகிவிடும் என்பதை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுங்கள்.

வேலைக்குப் போகும் பெரியவருக்கு இன்னொரு நடை. எட்டு மாத்திரையை 3, 3, 2 என்று பிரிப்பது. “தகிட தகிட தக.” லத்தீன் அமெரிக்க இசையிலும் இன்றைய பாப் பாட்டுகளிலும் இது இல்லாத இடமே இல்லை, தவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் புதுசாக ஒன்றும் இல்லை. மேற்கத்திய மாணவர் நாலு தட்டை எண்ணிக்கொண்டு, நடுவில் விழும் அடியைப் பிடிக்கத் திணறும் இடத்தில், நம் ஆள் சொல்கட்டை வாயில் போட்டுக்கொண்டு நேராக வாசித்துவிடுவார். செகண்டோக்காரர் இந்த அடியில் பேஸ், மேலே இருப்பவர் நீளமான மெட்டு. கார்டு பெயர்களும் மெட்டு வரியும் மட்டும் எழுதிய ஒரே தாளை இரண்டு பேரும் பார்த்து வாசிக்கலாம். கைவிரல் வேகம் இல்லாத பெரியவர்களுக்கு இது பெரிய விடுதலை.

ஜாஸுக்கு முந்தைய அமெரிக்கப் பியானோ பாணியான ராக்டைமையும் சேர்க்க ஆசையிருந்தால் ஒன்று மட்டும் போதும், அதையும் மெதுவாக வாசியுங்கள். வேகமாக வாசிக்காதே என்று ராக்டைம் இசையமைப்பாளர் ஜாப்ளின் தன் பாட்டுகளிலேயே அச்சடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். யாரும் கேட்பதில்லை.

மூன்று பேர் ஒரே பியானோவில் வாசிப்பதைக் கடைசிப் பாட்டாக வையுங்கள். 88 கட்டைகளின் மொத்த அகலம் ஏறக்குறைய 122 செ.மீ.; ஆளுக்கு 40 செ.மீ. வரும். பிள்ளைகள் சுலபமாக உட்கார்ந்துவிடுவார்கள், மூன்று டீச்சர்கள் உட்கார்ந்தால் அறையே சிரிக்கும். சிரிக்கட்டும்.

இப்போது கருவிகள். உங்கள் கேள்வியில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயம் இது, எனக்கு இதுதான் பெரிய கவலை. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மழைக்காலத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளேயே வரும். காற்றில் ஈரம் ஏறினால் பியானோவின் சவுண்ட்போர்டு என்னும் மரப்பலகை உப்பும், ஸ்ருதி ஏறும், காய்ந்தால் இறங்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவாகவும் ஏறாது, நடுப்பகுதிதான் அதிகம் ஆடும். வருடக்கணக்கில் ட்யூனர் கை படாத பழைய அப்ரைட் என்றால் பொதுவாகவே ஸ்ருதி தாழ்ந்திருக்கும். உங்கள் டிஜிட்டல் பியானோவோ, ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ் என்ற பொது அளவில் கல் மாதிரி நிற்கும். இரண்டையும் சேர்த்து வாசித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் முதல் நாளே போய், போனில் ஒரு ட்யூனர் ஆப்பை வைத்துக்கொண்டு, பழைய பியானோவின் ஏ-யைத் தட்டிப் பாருங்கள். 432 காட்டுகிறதா, 428 காட்டுகிறதா? டிஜிட்டல் பியானோவின் செட்டிங்கில் ஸ்ருதியை நுணுக்கமாக மாற்றும் வசதி இருக்கும். பல மாடல்களில் 415 முதல் 466 வரை நகர்த்தலாம். அதாவது முழுசாக அரை ஸ்வரம் கீழே இறக்கலாம். மரப் பியானோவை 440-க்கு ஏற்றச் சொல்லி ட்யூனரை அவசரப்படுத்தாதீர்கள். பழைய கம்பியை ஒரே நாளில் அவ்வளவு இழுத்தால் அறுந்துபோகலாம், அறாவிட்டாலும் மறுநாளே இறங்கிவிடும். டிஜிட்டலை அதற்கு ஏற்ப இறக்குவதுதான் புத்திசாலித்தனம். பழைய பியானோ தனக்குள்ளேயே ஸ்ருதி சேராமல் இருந்தால், அதை ஒரு மூலையில் மரியாதையாக விட்டுவிட்டு இரண்டு டிஜிட்டல் பியானோக்களோடு போய்விடுங்கள். ஈரத்தில் கட்டைகள் ஒட்டிக்கொண்டு மேலே எழும்பாமல் இருக்கின்றனவா என்பதையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பாருங்கள்.

ஒல்லியான டிஜிட்டல் பியானோ 12 கிலோ அளவில்தான் இருக்கும். காரின் பின்சீட்டைச் சாய்த்து, போர்வை சுற்றிப் படுக்க வைத்தால் 20 கொண்டை ஊசி வளைவும் தாங்கும். ஸ்டாண்டு விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். எக்ஸ் வடிவ ஸ்டாண்டு ஒருவர் வாசிக்கவே ஆடும், நாலு கை விழுந்தால் ஊஞ்சல்தான். மேஜை மாதிரி நாலு கால் உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

ஒலிபெருக்கிக்கு ப்ளூடூத் வேண்டவே வேண்டாம். சாதாரண ப்ளூடூத் ஸ்பீக்கரில் ஒலி நூறு மில்லிசெகண்டுக்கு மேல் தாமதமாக வருவது சகஜம். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு எட்டாம் ஸ்வரமே 250 மில்லிசெகண்டுதான். ஒருவர் நேரடியாகவும் மற்றவர் ப்ளூடூத்திலும் கேட்டால் இருவரும் சேரவே முடியாது. கேபிள் போடுங்கள். இரண்டு கருவிகளையும் மேடையின் இரண்டு ஓரத்தில் அழகுக்காக வைப்பதும் தப்பு. ஒலி பத்து மீட்டர் கடக்க ஏறக்குறைய 29 மில்லிசெகண்டு எடுக்கும். வேகமான பாட்டில் அது காதுக்குத் தெரியும். பக்கத்தில் பக்கத்தில், வாசிப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி வையுங்கள்.

இன்னொன்றையும் மாநாட்டில் கண்டிப்பாகப் பேச வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் 61 கட்டை கீபோர்டுதான் இருக்கிறது. பியானோவுக்கு எழுதிய டூயட்டை அதில் இரண்டு பேர் உட்கார்ந்து வாசிக்க முடியாது, இடம் பத்தாது. ஆனால் இரண்டு கீபோர்டு இருந்தால் ஆளுக்கொன்றாகத் தாராளமாக வாசிக்கலாம். கை இடிக்காது, தனித்தனி வால்யூம் வைக்கலாம், செகண்டோவின் அடி ஸ்வரங்களுக்கு ஆக்டேவ் பட்டனை ஒன்று இறக்கிக்கொள்ளலாம். பியானோ இல்லாத டீச்சருக்கு ஒன்றாக வாசிப்பது இன்னும் சுலபம் என்று காட்டினால் அரங்கில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். ப்ளூஸ் பாட்டை இப்படி இரண்டு கீபோர்டில் காட்டுங்கள்.

ஆசிரியர்களை எப்படி மேடையேற்றுவது? “யாராவது வர்றீங்களா?” என்று கேட்டால் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள், எல்லோரும் கைப்பையில் எதையோ தேடுவார்கள். முதல் நாள் சாயங்காலம் டீ நேரத்திலேயே நாலைந்து பேரைத் தனியாகப் பிடித்து, சுலபமான பகுதிகளைக் கையில் கொடுத்துவிடுங்கள். “நாளைக்கு என்கூடச் சேர்ந்து வாசிங்க மேடம், பதினாறு பார்தான்” என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். அறையில் கொஞ்சம் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். அவர்கள் கொஞ்சம் தடுமாறினாலும் நல்லதுதான். மாணவர் எங்கே தடுமாறுவார் என்று எல்லோரும் கண்ணால் பார்ப்பார்கள். தாளில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பார் எண் இருக்கட்டும். இடதுபக்கம் செகண்டோ, வலதுபக்கம் பிரிமோ என்று எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிடும் பழைய முறையில், வழி தவறியவருக்குத் திரும்ப ஏற இந்த எண் மட்டும்தான் கைப்பிடி. புதிதாக எழுதும்போது இருவரின் பகுதியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிடுவது எனக்குப் பிடித்த முறை.

லைட் மியூசிக் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸின் ஹங்கேரியன் நடனங்கள் 1869-ல் முதலில் வெளிவந்ததே நாலு கைக்குத்தான். அன்றைக்கு ஊரில் வாசித்துக்கொண்டிருந்த ஜனரஞ்சக மெட்டுகள்தான் அவற்றில் பெரும்பாலும் இருந்தன. ரெக்கார்டு வராத காலத்தில் ஐரோப்பிய வீடுகளில் சிம்பொனிகளையே பியானோ டூயட்டாகத்தான் வாசித்துத் தெரிந்துகொண்டார்கள். டூயட்டும் ஜனரஞ்சகமும் எப்போதுமே பக்கத்து வீட்டுக்காரர்கள். பரீட்சையைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது: பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியமான ஏ.பி.ஆர்.எஸ்.எம். பியானோப் பாடத்திட்டத்தில் ஆரம்ப கிரேடுகளில் டூயட்டையே ஒரு பாட்டாகத் தேர்ந்தெடுக்க இடம் உண்டு. இன்னொரு பிரிட்டிஷ் வாரியமான டிரினிட்டி 2012 முதல் ராக் அண்ட் பாப் என்று தனிப் பரீட்சையே நடத்துகிறது. இதற்கு மேலும் மூக்கைச் சுளித்தால், சேலத்திலிருந்து மலையேறும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவைப் பார்த்தீர்களா என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த ஸ்டுடியோ இருந்த ஊரில் நின்றுகொண்டு, மெல்லிசை நமக்கு அந்நியம் என்று சொல்ல முடியுமா?

அதற்காகச் சினிமாப் பாட்டைத் தாராளமாகப் போட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, இசையமைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை இருக்கும். பள்ளியில் ஆசிரியர், மாணவர், பெற்றோர் முன்னால் வாசிப்பதற்குச் சட்டம் விலக்கு தருகிறது. பல ஊரிலிருந்து கட்டணம் கட்டி வருகிறவர்களின் மாநாடு அதில் அடங்கும் என்று நீங்களாகவே முடிவு செய்துகொள்ளாதீர்கள். பொதுவில் வாசிக்கும் உரிமத்தை ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு தருகிறது, ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நீங்கள் டூயட்டாக எழுதிய சினிமாப் பாட்டை நகலெடுத்து நாற்பது பேருக்குக் கொடுப்பது அதைவிடச் சிக்கல், அதை வேண்டாம் என்றே சொல்வேன். கடையில் வாங்கிய டூயட் புத்தகத்தை ஜெராக்ஸ் போட்டுக் கொடுப்பதும் அப்படித்தான். கும்மி மெட்டு, தாலாட்டு, தெம்மாங்கு என்று ஊருக்குப் பொதுவான மெட்டுகள் நம்மிடம் கொட்டிக் கிடக்கின்றன. கும்மியில் ஸ்வரங்கள் குறைவு, தாளம் அழுத்தம். ஐந்து விரல் பிரிமோவுக்கு அதைவிட நல்ல சரக்கு எங்கே கிடைக்கும்?

கையில் கொடுக்கும் தாளில் விவரமெல்லாம் முன்பக்கத்திலேயே அடங்கட்டும். பாட்டின் பெயர், எந்தத் தரம், பிரிமோவுக்கு என்ன பயிற்சி, செகண்டோவுக்கு என்ன பயிற்சி, எந்த மாதிரிப் பிள்ளைக்கு, புத்தகம் எங்கே கிடைக்கும். கடைசி விவரத்தைத்தான் எல்லோரும் கேட்பார்கள். சென்னை அண்ணா சாலையில் 1842 முதல் இருக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளில் கிடைக்குமா, வரவழைக்க வேண்டுமா என்பதைப் போனில் விசாரித்து எழுதிவிடுங்கள். நீங்களே எழுதிய நொட்டுஸ்வர டூயட்டைப் பின்பக்கத்தில் முழுசாக அச்சிடுங்கள். அதைக் கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

பிரிண்ட் வேலையைச் சேலத்திலேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கூடுதல் அடாப்டர், தாள் பறக்காமல் இருக்க பத்துப் பன்னிரண்டு துணி கிளிப், உயரம் மாற்றக்கூடிய இரண்டு ஸ்டூல். நீளமான ஒரே பெஞ்சில் உயரமான டீச்சரையும் ஏழு வயதுக் குழந்தையையும் உட்கார வைத்தால் இரண்டு பேருக்கும் கை சரியாக விழாது, ஸ்டூல் தனித்தனியாக வேண்டும். அரங்கில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில் எல்லோரையும் “தகிட தகிட தக” சொல்ல வைத்துவிடலாம்.